சுத்தமாக வந்த தட்டுகள்

நஞ்சு ஒன்றை நஞ்சில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பிழை என்று காட்டிய பெண்ணின் மீதே பழியைப் போட்டு, அவளை ஆய்வகத்தை விட்டுப் போக வைத்தேன். பழி சொன்ன அந்த நிமிடத்திலும் அவள் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். இந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டீர்கள். எந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பது உங்கள் மேசையில் இருக்கும் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டாரும் இதைப் படிக்கலாம் என்பதால், நாம் செய்யும் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் வளர்க்கும் செல்கள் ஹாம்ஸ்டர் என்ற சிறிய எலி ஒன்றின் சூலகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்த எலி செத்துவிட்டது. அதன் செல்கள் மட்டும் சாகவில்லை. நாடு நாடாகப் பிரிந்து போய், கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு, இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துகொண்டே இருக்கின்றன. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டிய நம் கட்டடத்தின் பின்னறையில், உடம்புச் சூட்டில் வைத்த இன்குபேட்டருக்குள் அவை இருக்கின்றன. கதவைத் திறந்தால் ஈரமான வெதுவெதுப்பு முகத்தில் படும். யாரோ மிக அருகில் நின்று மூச்சு விட்டது போல இருக்கும். முதல் நாள் எல்லோரும் ஒரு கணம் பின்வாங்குவார்கள். நீங்களும் பின்வாங்கியிருப்பீர்கள்.

ஒரு வேதிப்பொருள் மரபணுவை உடைக்குமா என்று அறிய, அதை இந்தச் செல்கள் மீது சில மணி நேரம் விட்டுக் கழுவிவிடுகிறோம். பிறகு செல்களைத் தட்டுகளில் பரப்பி ஒரு நஞ்சை ஊற்றுகிறோம். இந்த நஞ்சு, செல் வழக்கமாகப் பொறுக்கித் தின்னும் ஒரு பொருளின் சாயலில் இருக்கும். நல்ல செல்லிடம் அதைப் பொறுக்கும் நொதி உண்டு. அது நஞ்சையும் உணவென்று நினைத்து எடுத்துத் தின்று சாகும். அந்த நொதியைச் செய்யும் மரபணு உடைந்த செல்லால் பொறுக்க முடியாது. ஆகவே அது மட்டும் பிழைத்து, பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளரும். அந்தப் புள்ளியைத்தான் காலனி என்கிறோம். நம் தொழிலில் பிழைத்திருப்பதுதான் காயத்துக்கு அடையாளம். நஞ்சுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது எதுவோ, அதுதான் உடைந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மரபணு உடைந்த அன்றே செல் மாறிவிடாது. உடைவதற்கு முன்பு செய்துவைத்த நொதி உள்ளே மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமே நடக்காதது போல அது வாழும். ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருந்து, செல்கள் பலமுறை பிளந்து, அந்த மிச்சம் கரைந்த பிறகுதான் நஞ்சை ஊற்ற வேண்டும். அதற்கு முன் ஊற்றினால் உடைந்த செல்லும் நல்ல செல்லைப் போலவே நஞ்சைத் தின்று செத்துப்போகும். தட்டு சுத்தமாக வரும்.

என் தவறு முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

ராஜபாளையத்தைத் தாண்டி, மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி செய்யும் ஷெட்டுகள் நிறைய உண்டு. சிக்கந்தர் பாயின் ஷெட் அதில் ஒன்று. வெளுத்த துணியை நீள நீளமாக வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். மலைப்பக்கத்துக் காற்றில் அது எழும்பி எழும்பித் தாழும். இன்னும் யாருக்கும் ஏற்படாத காயங்களுக்கான துணி அது என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தோன்றும்.

பாய்க்கு யாரோ ஒரு மென்மையூட்டும் திரவத்தை விற்க வந்திருந்தார்கள். வெளுத்த துணியை அதில் முக்கிப் பிழிந்தால் பஞ்சு போல ஆகிவிடுமாம். பாய் அதை உடனே வாங்கவில்லை. ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், தொட்டில முக்கிப் பிழியறது எல்லாம் பொம்பளையாளுக. முழங்கை வரைக்கும் உள்ள விட்டுத்தான் பிழிவாக. கையுறை குடுத்தா செத்த நேரம் போடுவாக, பொறவு வழுக்குதுன்னு கழத்தி எறிஞ்சிருவாக. எனக்கு வெலையப் பத்திக் கவலையில்ல. இது ஆளைக் கெடுக்குமா கெடுக்காதா, அத மட்டும் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா கேனைத் திருப்பி அனுப்பிருதேன்."

இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் பொய் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உண்மை வேண்டும் என்று கேட்டுத்தான் அவர் வந்தார். அழுத்தம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு வந்த அழுத்தம் வெளியிலிருந்து வரவில்லை.

அப்போது என்னிடம் முத்துமாரி என்ற பெண் வேலை பார்த்தாள். வன்னியம்பட்டிக்காரி. எம்.எஸ்ஸி. முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேன் வந்த அன்றே என்னிடம் வந்து, "சார், எங்க அம்மா பாய் ஷெட்ல தொட்டி வேலைதான் பாக்காக. ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லிரணும்னு தோணுச்சு" என்றாள்.

"நல்லதுதான். கவனமாச் செய்வே" என்றேன்.

செல்களுக்குத் திரவம் கொடுத்துக் கழுவி, காத்திருப்புத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் என் மகளுக்கு வளைகாப்பு வந்தது. நான் போயே ஆக வேண்டும். போனால் தட்டு போடும் நாளில் இங்கே இருக்க மாட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க சார். நாள் ஆனதும் நான் போடுதேன். ஒங்க முன்னாலயே போட்டிருக்கேன்லா?" என்றாள் முத்துமாரி.

"வேண்டாம்மா. இது ரிப்போர்ட்டுக்குப் போறது."

"அப்ப வேற ஆள வச்சுப் போடச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த மாசம் முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

"பாய்க்கு நாள் சொல்லியாச்சு. இன்னைக்கே போட்டிருவோம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கா? பாதிகூட ஆகலையே சார்."

"ஆனது போதும். தெரிஞ்ச நஞ்சுல காலனி வந்துட்டா சோதனை வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்?"

தட்டில் ஊற்றும் நஞ்சு வேறு, தெரிந்த நஞ்சு வேறு. ஒவ்வொரு சோதனையிலும், மரபணுவை உடைக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு பொருளையும் கூடவே வைப்போம். அதில் காலனி வரவில்லை என்றால் சோதனையே பிசகு. அதைத்தான் சொன்னேன். என் கை மீது எனக்கு இருந்த நம்பிக்கையைவிட, அவள் கை மீது இருந்த அவநம்பிக்கைதான் அன்று என்னை நடத்தியது. தட்டுகளை நானே போட்டேன். மிச்சமிருந்த செல்களைக் கொட்டிவிடும்படி அவளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து தட்டுகளைச் சாயமிட்டுப் பார்த்தபோது பாயின் திரவம் பட்ட தட்டுகள் சுத்தமாக இருந்தன. தெரிந்த நஞ்சின் தட்டுகளில் காலனிகள் இருந்தன. ஆனால் வழக்கமாக வருவதைவிடக் குறைவு. நன்றாகவே குறைவு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஹைதராபாத்தில் அவரிடம் இருந்தேன். எந்தத் தட்டு வெறுமையாக வந்தாலும் அவர் அதைக் கையில் வாங்கமாட்டார். "முதல்ல தெரிஞ்ச நஞ்சைக் கொண்டா" என்பார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்ப்பார். அதில் காலனி குறைந்து சோர்ந்திருந்தால் மற்றவற்றைப் பார்க்காமலே குப்பையில் போடச் சொல்வார். ஒருமுறை, மாதக்கணக்கில் செய்த வேலையை அப்படிப் போடச் சொன்னார். நான் அழாத குறை. "உன் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சப்பறம், அந்தக் கண்ணால யாரும் இல்லன்னு பாத்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

அன்று அவர் குரல் எனக்குக் கேட்காமல் இல்லை. தெரிந்த நஞ்சின் காலனிகள் குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருக்கின்றன, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையில் காத்திருப்புக் காலம் பற்றிய பத்தி வழக்கமாக ஒரே மாதிரிதான் இருக்கும். அதை மாற்றாமல் விட்டேன். செய்யாததைச் செய்ததாக எழுதினேன் என்பதுதான் அதற்குப் பொருள். பாய் வந்து வாங்கிக்கொண்டு, "ஒங்க புண்ணியம் சார்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, உச்சி வெயிலில், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முத்துமாரி அறை வாசலில் நின்றாள். "சார், செத்த வாங்க."

பின்னறையில் அவள் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். கொட்டச் சொன்ன செல்களை அவள் கொட்டவில்லை. பிளாஸ்க்குகளில் வளர்த்துக்கொண்டே போய், முழுக் காத்திருப்பும் முடிந்த பிறகு தானாகவே தட்டு போட்டு நஞ்சிட்டிருக்கிறாள். சிலவற்றுக்குச் சாயம் போட்டிருந்தாள். அவற்றில் நீலப் புள்ளிகள் அம்மைத் தழும்பு போல, அள்ளித் தெளித்தாற்போல் கிடந்தன. மற்றவற்றுக்கு இன்னும் சாயம் போடவில்லை. அவை உயிரோடு இருந்தன. ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எங்கும் செத்த செல்களின் துணுக்குகள் மிதந்தன. அந்தச் சிதைவுக்கு நடுவே, வட்டமாக, நெருக்கமாக, எதையும் பொருட்படுத்தாமல் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஃபோகஸைத் திருப்பினேன். பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. அவை என்னைப் பார்க்கின்றன என்று நினைத்ததை இன்றைக்கும் சிரித்துத் தள்ள முடியவில்லை.

"இது பாயோட திரவம் பட்டதா?"

"ஆமா சார். தெரிஞ்ச நஞ்சும் பக்கத்துலயே இருக்கு, பாருங்க. இந்தத் தடவ எம்புட்டு வந்திருக்குன்னு." அவள் குரல் இறங்கியது. "அம்மா கை அதுக்குள்ளதான் சார் கெடக்கு. நேத்துல இருந்து தொட்டில ஊத்த ஆரம்பிச்சுட்டாகளாம்."

அந்த அறையில் அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. போனை எடுத்துப் பாயிடம், "ஊத்தாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அறிக்கையைப் பற்றி, என் பெயரைப் பற்றி, காத்திருப்புப் பத்தியைப் பற்றிப் பிறகு யோசித்திருக்கலாம். நான் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் என் பெயரை யோசித்தேன்.

"ரெண்டு பிளாஸ்க்கையும் மாத்திட்டே" என்றேன்.

"என்ன சார்?"

"தெரிஞ்ச நஞ்சு பட்ட செல்லை எடுத்து இதுல போட்டுட்டே. சொல்லாமக் கொள்ளாமச் செஞ்சா இப்படித்தான் ஆகும்."

"இல்ல சார். நான் ஒண்ணுக்கு ரெண்டு தடவ லேபிளப் பாத்துத்தான்..."

"ஒங்க அம்மா வேலை பாக்குற எடம். ஒனக்கு மனசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. கை அதுக்குத் தக்கதான போகும்?"

அவள் முகத்தில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அவள் நேர்மையாக முன்வந்து சொன்ன ஒன்றை எடுத்து அவள் மீதே எறிந்தேன். அந்தத் தட்டுகளைப் பிளீச்சில் போடுகிறேன், நீ இனி இந்த அறைக்குள் வர வேண்டாம், முன்னால் உட்கார்ந்து மாதிரிகளைப் பதிவு செய் என்றேன். அந்த மாதம் முடிவதற்குள் அவளே வேலையை விட்டுப் போய்விட்டாள். போகும்போது, "வாரேன் சார்" என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் போகிறவர்கள் "போறேன்" என்று சொல்லமாட்டார்கள். அவள் எதையுமே சொல்லவில்லை.

அவள் அறையை விட்டு வெளியே போனதும் நான் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. தட்டுகளைப் பிளீச்சில் போடுவதற்கு முன்னால், உயிரோடு இருந்தவற்றிலிருந்து சில காலனிகளைப் பிரித்தெடுத்தேன். கொஞ்ச நாள் வளர்த்து, குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியின் அடித்தட்டில் இறக்கிவிட்டேன். மேலே பெயர் எழுதவில்லை. அவள் கை பிசகியதென்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால் அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ஆகவே எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்லும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

அந்தத் தொட்டியில் உறைந்த செல் வாழ்வதும் இல்லை, சாவதும் இல்லை. நைட்ரஜன் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் நூறு வருடம் போனாலும் அப்படியே இருக்கும். ஊற்ற மறந்தால் போய்விடும். வாரம் தவறாமல் நானே ஊற்றினேன். வேறு யாரையும் விடமாட்டேன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையில் படர்ந்து, என் செருப்புக் காலைச் சுற்றிவரும். நல்ல பகல் வெளிச்சத்திலும் அந்தப் புகைக்குள் என் பாதம் எனக்குத் தெரியாது. அடித்தட்டில் அவை இருக்கின்றன என்ற நினைப்போடு நிற்பேன். மறந்து போனேன் என்று ஒரு வாரம் விட்டுவிட்டால் முடிந்தது. விடவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

பின்னறைக்குள் தனியாகப் போக மற்றவர்கள் தயங்க ஆரம்பித்தார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உதவியாளர் ஒருவர் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்குபேட்டரத் திறக்கையில பின்னால யாரோ நிக்காப்ல இருக்கு சார். திரும்பினா ஆளக் காணோம்." எல்லோரும் சிரித்தார்கள். "ஏலே, ஒனக்கு மோகினி புடிச்சிருக்கு" என்று ஒருவர் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். எனக்கும் அப்படி இருந்ததுண்டு. எனக்கு மட்டும் நிற்பது யார் என்று தெரியும். செத்த வாங்க சார் என்று எந்த நேரமும் கூப்பிடப் போகிறாள் என்று கழுத்துக்குப் பின்னால் கூசும்.

பல வருடங்கள் கழித்து, பணி ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதுதான் குப்பிகளை எடுத்தேன். தைரியம் வந்து எடுத்ததாக நினைக்க வேண்டாம். நான் போன பிறகு யாராவது பெயரில்லாத குப்பியைப் பார்த்து, என்ன இது என்று கேட்பார்கள் என்ற பயம். வெந்நீரில் வைத்து உருக்கி, செல் வளர்க்கும் சிவந்த ஊட்டத் திரவத்தில் விட்டேன். மறுநாள் பார்த்தபோது ஒட்டிக்கொண்டு பிளக்க ஆரம்பித்திருந்தன. இடையில் நடந்தது எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அவற்றுக்கு அது இன்னும் அதே மத்தியானம்தான். நஞ்சை ஊற்றினேன். அமைதியாக இருந்தன.

மரபணுவைப் படித்துச் சொல்லும்படி வெளியூருக்கு அனுப்பினேன். நாம் வைக்கும் தெரிந்த நஞ்சு மரபணுவில் பெரும்பாலும் ஓர் எழுத்தை மட்டும் இன்னோர் எழுத்தாக மாற்றும். அது அதன் கைரேகை. பிளாஸ்க் மாறியிருந்தால் இந்தச் செல்களில் அந்த ரேகைதான் இருக்க வேண்டும். வந்த முடிவில் ஒன்றில்கூட அது இல்லை. எல்லாவற்றிலும் மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. இதைக் கிழித்தது வேறு ஏதோ. சேமிப்பில் இருந்த பாயின் திரவ மாதிரியை எடுத்து, முழுக் காத்திருப்போடு நானே மறுபடி செய்தேன். புள்ளிகள் வந்தன.

அன்றே முத்துமாரியைத் தேடிப் போனேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாலையில் கல்லூரி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. அவள் பையை மாட்டிக்கொண்டு வந்தவள் என்னைக் கண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னைக்கு நான் சொன்னத நம்புனீங்களா, இல்லையா?"

"நம்புனேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஏதோ ஒரு கணக்கு சரியாக வந்ததுபோல. பிறகு, "இத எப்ப கண்டுபுடிச்சீங்க?"

"இன்னைக்குக் காலைல முடிவாச்சு."

"காலைலயா?" அவள் குரல் முதன்முறையாக உயர்ந்தது. பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க அம்மா கை இந்த நிமிஷமும் அந்தத் தொட்டிக்குள்ளதான் இருக்கு. நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. சார் கையெழுத்துப் போட்டிருக்காக, பாய் அதக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காக, நீ சின்னப்புள்ள ஒனக்கு என்ன தெரியும்னாக. இப்ப மொதல்ல அங்க போகாம இங்க எதுக்கு வந்தீங்க? நான் மன்னிக்கணும்னா?"

இரண்டாவது முறையும் நான் வரிசையை மாற்றிவிட்டிருந்தேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். பிழை செய்தவன் அதைத் திருத்தப் போகும்போதும் முதலில் தன்னைத்தான் நினைக்கிறான். அவனை அப்போதும் நம்பாதீர்கள்.

அங்கேயே நின்று பாய்க்குப் போன் செய்தேன். பிறகு ஷெட்டுக்குப் போனேன். பாய் சத்தம் போடவில்லை. சுவரில் இருந்த அறிக்கையைக் கழற்றி, முகம் கவிழ்த்து மேசையில் வைத்தார். "தொட்டியக் கொட்டச் சொல்லிட்டேன் சார். என்கிட்ட சொன்னீங்க, சரி. உள்ள வந்து அதுககிட்டயும் நீங்களே சொல்லுங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

மெஷின்களை நிறுத்தினார்கள். ஓசை அடங்கியதும் அந்த இடமே வேறு இடமாகிவிட்டது. பெண்கள் ஈரக் கையோடு வந்து நின்றார்கள். அந்தக் கைகள் மிருதுவாக, வெளுத்து, மினுமினுப்பாக இருந்தன. திரவம் நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. நான் சொன்னேன். யாரும் அழவில்லை. ஒரு பெண், "எனக்கு இப்ப ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தான இருக்கேன்?" என்றாள். எலி செல்லில் நடந்தது மனுஷ உடம்பில் நடக்கும் என்று கட்டாயம் இல்லை, நடக்காது என்று சொல்லவும் என்னால் முடியாது என்றேன். அது அவர்களுக்குப் பதிலாக இல்லை.

முன்னால் நின்றவர் முத்துமாரியின் அம்மா சீனியம்மாள். மகளைப் போலவே நேராகப் பார்த்தார். "எதாச்சும் ஆயிருக்கா இல்லையான்னு தெரிய நாங்க எம்புட்டு நாள் காத்திருக்கணும்?"

எலி செல்லுக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவருக்கு எத்தனை என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. "தெரியாது தாயி" என்றேன். அவர் தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல இருந்தது.

பரிகாரம் என்று நான் செய்தது இவ்வளவுதான். பழைய அறிக்கையை ரத்து செய்து, புதியதை அனுப்ப வைத்தேன். காத்திருப்பைக் குறைத்தது நான் என்றும், சரியான தட்டுகளை முதலில் போட்டவர் முத்துமாரி என்றும் அதில் இருக்கிறது. அவள் கேட்டது அது ஒன்றைத்தான். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரவத்தை விற்றவர்களுக்கும் அறிக்கை போனது. அவர்களிடமிருந்து பதில் இல்லை. ஷெட்டில் தொட்டி வேலை பார்த்த பெண்களை வருடா வருடம் மதுரைக்கு அழைத்துப் போய் முழுப் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்தேன். வேன் பிடிப்பதும், கூடப் போவதும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் என் வேலை.

இதுவரை யாருக்கும் எதுவும் வரவில்லை. அப்படித்தான் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

போன முறை திரும்பி வரும்போது, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் சீனியம்மாள் எழுந்து வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஷெட்டில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"ஏன் சார், ஒண்ணும் இல்லன்னுதான சொன்னாக?"

"ஆமா தாயி."

"எல்லாருக்கும் நல்லாருக்குன்னாக. இவளுக அம்புட்டுப் பேரும் அல்வா வாங்கித் தின்னுக்கிட்டு வாராளுக. நீங்க மட்டும் எழவு வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரீக. ஒவ்வொரு வருசமும் பாக்கேன். டாக்டரு பேரக் கூப்பிட்டதும் அவரு மொகத்தப் பாக்காம எங்க மொகத்தப் பாக்குதீக." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்கு ஏதாச்சும் வந்தாத்தான் ஒங்க மனசு ஆறுமா?"

பின் சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மைதானா என்று உள்ளே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. தேடிய அந்த ஒரு கணத்தை அவர் பார்த்துவிட்டார்.

"வரக்கூடாது தாயி" என்றேன் கடைசியில். "வரவே கூடாது."

"அப்ப சிரிங்க."

சிரிக்க முயன்றேன். அது எப்படி இருந்ததோ, ஒரு பெண், "அய்யய்யோ, இதுக்கு அதுவே தேவல" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சீனியம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்துவிட்டு, எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டார்.